பல்பொடிப் பொட்டலம்

அன்று காலை மழை தூறியது என்று ரேடியோ சொல்கிறான். வெயில் மண்டையைப் பிளந்தது என்று அண்ணி சொல்கிறாள். இத்தனைக்கும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போனார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் வருகிற மழையையும் வெயிலையும் வாசகர்கள் ரொம்ப நம்ப வேண்டாம். யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன். வெட்கப்பட்டுப்போன மனிதர்கள் நடந்ததை நேர்கோட்டில் சொல்வதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவர் பேச்சும் ஒத்துப்போகிறது. அந்தப் பெண் சிரித்தாள்.

அதற்கு வருவதற்குள், இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஊரின் பழைய பகுதியில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போவார்கள். அங்கே வருகிற பிள்ளைகளில் சிலர் கொஞ்ச மாதங்களாகச் சோர்ந்து விழுந்தார்கள். வயிற்றுவலி என்று அழுதார்கள். பேச ஆரம்பித்திருந்த பிள்ளை பேச்சை விட்டது. கடைசியில் தையல்காரரின் மகளுக்கு வலிப்பு வந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈயம் இருந்தது. சோர்ந்த பிள்ளைகள் எல்லோருக்குமே இருந்தது.

பெற்றோர்கள் அண்ணியிடம் வந்தார்கள்.

அண்ணி ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். கணவன் போன பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டின் முன்னறையில் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டினாள். உதவிக்கு வந்தவன் கணவனின் தம்பி. அவன் அவளை அண்ணி என்று கூப்பிடப் போய், போலீஸ்காரர்கள் உள்பட ஊரே அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது. அவன் வாய் மூடுவதே இல்லை என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அதே ஊர்தான்.

அண்ணி யோசித்தாள். நோய்ப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் காலையில் முதலில் வந்து சேருகிற கூட்டம். அப்புறம் வருகிற பிள்ளைகள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். அந்த முதல் நேரத்தில் காப்பகத்தில் இருக்கும் பெரிய ஆள் ஒருத்திதான்: ஆயா. ஆயாவின் பையில், செய்தித்தாளில் மடித்த ஒரு பொடிப் பொட்டலம் இருந்தது. பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சில இடங்களில் ஏதோ பொடி கொடுப்பார்கள், அதில் ஈயம் இருக்கும் என்று அண்ணி எங்கோ படித்திருந்தாள். கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன.

காப்பகத்து ஹாலில் பெற்றோர்களை வரச்சொல்லி, எல்லோர் முன்னாலும் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன? சொல்லு."

"பல்பொடிம்மா" என்றாள் ஆயா.

ஒரு நொடி ஹால் தயங்கியது. ஒருவேளை நிஜமாகவே பல்பொடியோ என்று யாராவது யோசித்திருக்கலாம். அந்த நொடியில் ரேடியோ வாயைத் திறந்தான்.

"பல்பொடியோட வேலைக்கு வர்ற ஆள இப்பத்தான் பாக்குறேன். துண்டு, சோப்பெல்லாம் எங்க? பேசாம பாத்ரூமையே தூக்கிட்டு வந்திருக்கலாமே!"

ஹால் வெடித்துச் சிரித்தது. ஆயாவும் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"பாருங்க" என்றாள் அண்ணி. "பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்குது. இவ சிரிக்கிறா."

போலீஸ் வந்து, விசாரணை என்று ஆயாவைக் கூட்டிப்போனது. இது முன்கதை.

*

அதற்குப் பிறகு ஓரிரு நாள் கழித்து, காலையில் டாக்டரம்மா போன் செய்தார்.

"அண்ணி, ரெண்டு விஷயம். அந்தப் பொடி பல்பொடிதான். போலீஸ் அனுப்பினத எங்க லேப்ல பாத்துட்டாங்க. கடையில விக்கிற சாதாரணப் பல்பொடி. ஈயம் கீயம் ஒண்ணும் இல்ல."

அண்ணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். ரெண்டாவது?"

"ஆயாவுக்கு வயித்துவலின்னு நேத்து ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வந்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ரத்தம் எடுத்தேன். பிள்ளைங்கள விட அந்தம்மா உடம்புலதான் ஈயம் ஜாஸ்தி. விஷம் வைக்கிறவ முதல்ல தனக்கு வச்சுக்குவாளா அண்ணி?"

போனை வைத்துவிட்டு அண்ணி விஷயத்தைச் சொன்னாள். ரேடியோ பழக்கதோஷத்தில், "ஒருவேளை உப்பு சரியா இருக்கான்னு ருசி பாத்திரு..." என்று தொடங்கினான். அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்தப் போறாங்க" என்றாள் அண்ணி. "என் பேச்சத் தவிர அவங்ககிட்ட வேற சாட்சியே கிடையாது. வண்டிய எடு."

*

ஸ்டேஷனில், உள்ளறை பெஞ்சில் ஆயா முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், உடம்பில் சதை இல்லை. அண்ணியைக் கண்டதும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தாள், தன் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்ட மாதிரி.

"வயித்துவலி எப்படி இருக்கு? உக்காருங்க" என்றாள் அண்ணி.

அன்றைக்கு ஹாலில் வாயில் வராத 'ங்க' இன்றைக்கு வந்துவிட்டது. அது ஆயாவுக்குக் கேட்டதோ என்னவோ, அண்ணிக்கு நன்றாகக் கேட்டது.

"எனக்கென்னம்மா. தையல்காரர் பாப்பா கண்ணு முழிச்சுதா?"

"முழிச்சுட்டா."

"பால் குடிக்குதா?"

"குடிக்கிறா."

"ஆறவச்சுக் குடுக்கச் சொல்லுங்கம்மா. சூடா குடுத்தா துப்பிரும்."

வெளியே எழுத்தர் எதற்கோ ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அண்ணி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தினமும் பல்லு எங்க விளக்குவீங்க?"

கேலிக்கென்றே பிறந்த கேள்வி இது. ரேடியோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காப்பகத்துலதான்மா. எங்க தெருவுக்கே ஒரு குழாய்தான். நான் கிளம்புற நேரத்துல அதுல காத்துதான் வரும். அதான் பொடிய மடிச்சு எடுத்துட்டுப் போயிருவேன். காப்பகத்துக் கதவத் திறந்து, குழாயத் திறந்து, பல்லு விளக்கி, வயிறு நிறையத் தண்ணி குடிச்சிட்டுத்தான் மத்த வேலை."

"அப்புறம்?"

"முதல்ல வர்ற பிள்ளைங்களுக்குப் பால்பவுடர் கலக்கணும்ல? அதே குழாய்லதான் தண்ணி பிடிப்பேன். பச்சத் தண்ணியில ஒரு நாளும் குடுத்ததில்லம்மா. நல்லாக் கொதிக்க வச்சு, ஆத்தித்தான்." குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது.

கொதித்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஈயம் கூடத்தான் செய்யும் என்று டாக்டரம்மா ஒரு தடவை சொல்லியிருந்தார். அண்ணி அதை அங்கே சொல்லவில்லை.

"இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனேம்மா. பல்பொடின்னு சொன்னேன்."

"சொன்னீங்க" என்றாள் அண்ணி. "அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

ஆயா ரேடியோவைப் பார்த்தாள். "தம்பி சொன்னது சிரிப்பா இருந்துச்சு. பாத்ரூமத் தலையில தூக்கிட்டு நான் ரோட்டுல வர்ற மாதிரி நெனச்சுப் பாத்தேன். அடக்க முடியல." இப்போதும் உதட்டோரம் லேசாகத் துடித்தது. உடனே பயந்துபோய் அடக்கிக்கொண்டாள். "தப்பாம்மா?"

ரேடியோ, "வண்டிய நிழல்ல நிறுத்தினேனான்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அண்ணி வெளியே வந்தபோது அவன் ஸ்கூட்டர் சீட்டை வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டில் தூசியே இல்லை.

"அண்ணி, அந்தம்மா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்."

"திட்டுனா உனக்கு நல்லா இருந்திருக்கும்."

அண்ணி பின்சீட்டில் ஏறாமல் நின்றாள்.

"தம்பி, நான் தப்பா எண்ணிட்டேன். காலையில முதல் கூட்டத்தோட அந்தக் காப்பகத்துல தனியா இருக்கிறது ஆயா ஒருத்திதான்னு நெனச்சேன். இன்னொரு ஆளும் இருந்திருக்கு. ராத்திரி பூரா அங்கயே படுத்துக் கிடந்து, விடிஞ்சதும் முதல்ல வெளிய வர்ற ஆள்."

"யாரு, வாட்ச்மேனா? அங்கதான் வாட்ச்மேனே கிடையாதே."

"தண்ணி" என்றாள் அண்ணி.

*

காப்பகம் பூட்டிக் கிடந்தது. அதை நடத்துகிற காப்பகத்தம்மா சாவியோடு வந்து திறந்தார். ஆயா போன நாளிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்குக் காப்பகத்தம்மா அண்ணியிடம் வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணி அந்த நன்றியை வெயிலைத் தாங்குவது மாதிரி தலைகுனிந்து தாங்கிக்கொண்டாள்.

சமையலறையில் ரேடியோ தண்ணீர்க் குழாயை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

அவன் கை அந்தரத்தில் நின்றது.

"பூட்டினதுல இருந்து யாரும் இதத் திறக்கல. உள்ள இருக்கிறது அப்படியே இருக்கட்டும்."

"தண்ணியச் சந்தேகப்படுறீங்களா அண்ணி?" என்று காப்பகத்தம்மா சிரித்தார். "வாய்ப்பே இல்ல. பிள்ளைங்களுக்கு முடியாமப் போனதுமே நான் குடிநீர் வாரியத்துக்குத்தான் முதல்ல சொன்னேன். அங்க இருந்து தர ஆய்வாளர் ஐயாவே நேர்ல வந்தாரு. ஒண்ணுக்குப் பல தடவை. சுத்தமான தண்ணின்னு எழுதியே குடுத்துட்டாரு." சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"வந்தவர் என்ன செஞ்சார்னு செஞ்சு காட்டுங்களேன். குழாயத் தொடாம."

காப்பகத்தம்மாவுக்கு நடிப்பு பிடித்துவிட்டது. "தங்கமான மனுஷன் அண்ணி. ஒரு சொட்டு வீணாக்க மாட்டார். வந்ததும் ஒரு வாளி கேப்பார். இப்படி வச்சு, குழாயத் திறந்து விட்டுட்டு, பழைய பாட்டு ஏதாவது முணுமுணுத்துக்கிட்டு நிப்பார். பாட்டு முடிஞ்சதும் விரல வச்சுப் பாப்பார். தண்ணி சில்லுன்னு வந்துருச்சுன்னா வாளிய நகட்டிட்டு பாட்டில்ல பிடிப்பார். அதான் முறையாம்."

"வாளித் தண்ணி எங்க போகும்?"

"நல்ல தண்ணிதானே, கொட்டுறதுக்கு மனசு வருமா? அவரேகூடச் சொல்லுவார், வீணாக்காதீங்கம்மான்னு. ஆயா எடுத்து அடுப்புல வச்சுரும்."

குழாயின் வாயில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை.

"பாட்டிலுக்குப் போனது புதுத் தண்ணி" என்றான் ரேடியோ மெதுவாக. "பிள்ளைங்களுக்குப் போனது வாளி."

அண்ணி குழாயிலிருந்து சுவரோடு ஓடிய பைப்பைக் கையால் தடவிக்கொண்டே போனாள். ஜன்னலுக்குக் கீழே, கொல்லைப்புறத்து மீட்டர் பெட்டி வரைக்கும் அது வளைந்து வளைந்து போயிற்று. மேலே பல காலத்துப் பெயின்ட். ஓர் இடத்தில் பெயின்ட் உரிந்து சாம்பல் நிறம் தெரிந்தது. ஸ்கூட்டர் சாவியை வாங்கி ஒரு கீறு கீறினாள். வெண்ணெயில் கீறினது மாதிரி சாவி உள்ளே போனது. கீறிய இடம் பளபளவென்று மின்னியது.

"வெள்ளியா அண்ணி?" என்றார் காப்பகத்தம்மா, ஆசையோடு.

"ஈயம்" என்றாள் அண்ணி.

இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார்கள். குழாயைத் திறந்ததும் வந்த முதல் தண்ணீர் ஒன்றில். ரேடியோ அதன் கழுத்தில் தன் கைக்குட்டையைக் கட்டினான். பிறகு வாளி வைத்துக் காத்திருந்து, தண்ணீர் சில்லென்று ஆனதும் மற்றொன்றில். ஒவ்வொன்றிலும் பாதியை டாக்டரம்மாவின் லேபுக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு வாரியத்துக்குப் போனார்கள்.

*

தர ஆய்வாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். சட்டைப்பையில் பேனா கசிந்த கறை. அறையில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மூலையில் கைகழுவும் தொட்டி.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க."

எழுந்துபோய்த் தொட்டிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கீழே இருந்த வாளியில் விழுந்தது. பழைய மெட்டு ஒன்றை முணுமுணுத்தபடி நின்றார். பிறகு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, டம்ளர்களைக் கழுவி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"இங்க பாட்டுப் பாடுனாத்தான் தண்ணி வருமா சார்?" என்றான் ரேடியோ. பழைய குரல் இல்லை, பாதி.

"பழக்கம் தம்பி" என்று சிரித்தார் அவர்.

அண்ணி பாட்டில்களை மேஜைமேல் வைத்தாள். எங்கே, எப்படிப் பிடித்தது என்று சொன்னாள். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கைக்குட்டை கட்டிய பாட்டிலை அவர் தொடவில்லை.

"இத நான் சோதனைக்கு எடுத்துக்க முடியாதும்மா. முறைப்படி எடுத்த மாதிரி இல்ல இது. குழாய ஓடவிட்டுட்டுத்தான் பிடிக்கணும். நாங்க அனுப்புற தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கத்தான் சோதனையே. வீட்டு பைப்புல ராத்திரி தங்கின தண்ணி எங்க கணக்குல வராது."

"யாரு கணக்குல வரும்?"

"மீட்டர் வரைக்கும் எங்க பொறுப்பு. மீட்டருக்கு உள்பக்கம் கட்டடக்காரங்க பொறுப்பு."

"ஈய பைப் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?"

"புதுக் கட்டடத்துக்கு. பழசுக்கு விலக்கு உண்டு."

"பழைய கட்டடத்துல பிறக்கலையே சார் அந்தப் பிள்ளைங்க" என்றான் ரேடியோ. "அதுங்க எல்லாம் புதுசுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

"நான் எந்த விதியையும் மீறலம்மா" என்றார் ஆய்வாளர். "என் வேலையில ஒரு தடவைகூட."

"தெரியும் சார்."

அண்ணி மௌனமானாள். அவளுடைய மௌனம் நீளமானது. பொய்க்காரர்கள் பலர் அதில் விழுந்து மூழ்கியிருக்கிறார்கள். ஆனால் இப்போது அவள் தந்திரத்துக்காக மௌனமாக இல்லை. எதிரே இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கம் முத்து முத்தாக ஈரம் பூத்திருந்தது. சில்லென்ற, சுத்தமான தண்ணீர்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"எனக்கு எதுக்கு ஓடவிட்டீங்க?"

"என்னது?"

"இந்தத் தண்ணி. பாட்டிலுக்கு விதி இருக்கு, சரி. டம்ளருக்கு ஏது விதி?"

மின்விசிறி மேஜைமேல் இருந்த தாள்களின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. ஆய்வாளர் தொட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் கடைசியில். குரல் எங்கோ உள்ளே இருந்து வந்தது. "என் பொண்ணு பிள்ளைக்குப் பால் கலக்குறப்போ, பக்கத்துல நின்னு, கொஞ்சம் ஓடவிடும்மா, அப்புறம் பிடின்னு சொல்லுவேன்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. கொஞ்ச நாளா ஆத்துத் தண்ணியக் கலந்து விடுறோம். அது பழைய பைப்ப அரிக்கிற தண்ணி. அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு, ஆனா அரிக்கும். இங்க எல்லாருக்கும் தெரியும். யாருமே முதல் தண்ணியக் குடிக்க மாட்டோம்."

"ஊருக்கு?"

"ஊருக்குச் சொல்லணும்னா அதுக்கு ஒரு உத்தரவு வேணும்மா. அளவுக்குள்ள இருக்கிற தண்ணியப் பத்தி எச்சரிக்கைன்னு உத்தரவு எப்படி வரும்? உத்தரவு இல்லாம வாயத் திறந்தா பீதியக் கிளப்புறான்னு சொல்லுவாங்க."

"ஊருக்கு வேண்டாம். வாளி குடுத்தாங்களே காப்பகத்துல, அவங்ககிட்ட?"

"வாளித் தண்ணி எங்க போகுதுன்னு நான் பாக்கல" என்றார். அதைச் சொன்னதும், அதுதான் தன் மேல் உள்ள குற்றம் என்று அவருக்கே விளங்கிவிட்டது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "வீணாக்காதீங்கன்னு வேற சொன்னேன்."

அண்ணிக்கு அவரைத் திட்டவேண்டும் போலத்தான் இருந்தது. வாய் வரவில்லை. ஒவ்வொரு அடியும் சரியாக வைத்து, கடைசியில் ஒரு குழந்தையின் மேல் போய் மிதித்த மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அடியும் சரியாக வைத்து ஆயாவின் மேல் போய் மிதித்தவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு மேஜைதான்.

"நாளைக்கு அந்தம்மாவக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க" என்றாள். "அதுக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்து இப்ப சொன்னத அப்படியே சொல்லணும். உத்தரவு வராது சார். வருவீங்களா?"

அவர் வெகுநேரம் கறை படிந்த சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கைக்குட்டை கட்டிய பாட்டிலை முதல்முறையாகக் கையில் எடுத்தார்.

"இப்பவே போகலாம்" என்றார்.

டம்ளர்களை யாரும் தொடவில்லை.

*

அன்று மாலை, அதே ஹாலில், அதே பெற்றோர்களை அண்ணி வரவழைத்தாள். அவர்கள் வந்துசேருவதற்குள் லேபிலிருந்து பதில் வந்துவிட்டது: முதல் பாட்டிலில் ஈயம் மண்டிக் கிடந்தது, இரண்டாவதில் பேருக்குக்கூட இல்லை. அன்றைக்குப் பொட்டலத்தை வைத்த மேஜைமேல் இரண்டு பாட்டில்களையும் வைத்தாள்.

"அன்னைக்கு இந்த இடத்துல நின்னு ஒருத்தரக் கைகாட்டினேன். அந்தம்மா கையில இருந்தது பல்பொடி. அவங்க பல்பொடின்னுதான் சொன்னாங்க. நான் கேக்கல. பிள்ளைங்க குடிச்ச அதே தண்ணியத்தான் அவங்களும் குடிச்சிருக்காங்க, எல்லாருக்கும் முன்னாடி. அவங்க சிரிச்சத நான் சாட்சியா எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடது."

பைப்பைப் பற்றியும், வாளியைப் பற்றியும், ஓடவிடுகிற விதியைப் பற்றியும் சொல்லி முடித்தாள். தையல்காரர் எழுந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து கடையிலிருந்து ஓடிவந்திருந்தார்.

"சரி, இப்ப யாரப் பிடிக்கப் போறீங்க?"

"பிடிக்க ஆள் இல்லீங்க. யாரும் சட்டத்த மீறல."

"யாருமே ஒரு தப்பும் பண்ணாமத்தான் என் பொண்ணுக்கு வலிப்பு வந்துச்சா?"

தையல்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு டேப்பைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே வெளியே போனார்.

பின்வரிசையில் ஒரு அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "அன்னைக்கு நானும்தான் சிரிச்சேன்." ஹாலில் அது எல்லோருக்கும் கேட்டது. ரேடியோ கதவோரம் தலையைக் குனிந்து நின்றான்.

*

ஆயாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மறுநாள் காலையிலேயே விட்டுவிட்டார்கள். காப்பகத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் ரத்தத்தில் ஈயம் மெல்லக் குறைந்துவருகிறது. தையல்காரரின் மகள் வீட்டுக்குத் திரும்பினாள். நடக்கிறாள், ஓடுகிறாள், பேச்சு இன்னும் வயதுக்கு ஏற்றபடி வரவில்லை. மற்றப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று டாக்டரம்மா சொல்கிறார். 'எனக்குத் தெரிந்தவரை' என்று கூடவே சொல்கிறார். காப்பகத்தம்மா பைப்பை மாற்றினார், சான்றிதழைக் கழற்றினார். மாடியில் குடியிருப்பவர்கள் இன்னும் மாற்றவில்லை. ஆய்வாளர் மேலிடத்துக்கு எழுதினார். தண்ணீர் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று பதில் வந்தது. ஓடவிட்டுப் பிடிக்கும் விதி அப்படியே இருக்கிறது. ஓய்வுபெறும் வரையில் அவர் வாளித் தண்ணீரைப் போன இடத்திலெல்லாம் தன் கையாலேயே சாக்கடையில் கொட்டி, ஏன் கொட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். பீதியைக் கிளப்புகிறார் என்று இரண்டு புகார்கள் வந்தன. அண்ணி தொழிலை விடவில்லை. யாரையும் ஹாலில் நிறுத்திக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

பல்பொடிப் பொட்டலத்தைப் போலீஸ் திருப்பித் தரவில்லை. ரேடியோ ஒரு பல்பொடி டப்பா வாங்கிக்கொண்டு ஆயாவின் வீட்டுக்குப் போனான். அவள் வாங்கிக்கொண்டாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுவான் என்று வாசலிலேயே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.